கால் கேட்கும், கார் சொல்லும்

ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஒரே சடங்குதான்: பிரேக், இரண்டாவது கியர், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பி, வண்டி நிமிர்ந்ததும் ஆக்சிலரேட்டரில் கால். ஒரு காரின் ருசியை நான் அந்த இடத்தில்தான் பார்ப்பேன். கால் அழுத்திய கணத்துக்கும் முதுகு சீட்டில் அழுந்தும் கணத்துக்கும் நடுவே சின்னதாக ஓர் இடைவெளி உண்டு. டர்போ இல்லாத காரில் அது இருப்பதே தெரியாது. டர்போ கார்களில் தெரியும். பலவற்றில் எரிச்சலூட்டும். மிகச் சிலவற்றில் அந்தக் காத்திருப்பே அளந்து வைத்தது போல அழகாக இருக்கும். அப்படி அளந்து வைத்தவர்களின் கைவேலையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

வீணாகப் போகும் புகையைக் கொண்டு இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கலாம் என்று சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி காப்புரிமை வாங்கியது 1905-இல். யோசனை எளிது. வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். சிக்கலும் அங்கேயே இருக்கிறது. புகை இருந்தால்தான் சக்கரம் சுற்றும். சக்கரம் சுற்றினால்தான் காற்று வரும். காற்று வந்தால்தான் புகை பெருகும். வளைவிலிருந்து 1,500 ஆர்பிஎம்மில் வெளியே வரும்போது அந்தச் சக்கரம் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைத் தாண்டும்வரை நாம் காத்திருக்க வேண்டும். இதைத்தான் டர்போ லேக் என்கிறோம்.

1973-இல் வந்த பிஎம்டபிள்யூ 2002 டர்போ அந்தக் காலத்து டர்போக்களின் குணத்துக்கு நல்ல உதாரணம். முதலில் மௌனம், பிறகு திடீர்ப் பாய்ச்சல். ஸ்வீடனின் சாப் நிறுவனம் வேறு வழியில் போனது. 1977-இல் காட்டப்பட்ட சாப் 99 டர்போவில், பெர் கில்பிராண்ட் என்ற பொறியாளரும் அவர் குழுவினரும் உச்ச வேகத்துக்கு ஆசைப்படாமல், நடுத்தர ஆர்பிஎம்மிலேயே இழுக்கும்படி சிறிய டர்போவைப் பொருத்தினார்கள். தினமும் ஓட்டும் காருக்கு எது தேவை என்று யோசித்தவர்கள் செய்த வேலை அது. 1980-களின் தொடக்கத்தில் அவர்கள் இன்னொரு படி ஏறினார்கள். இன்ஜினில் ‘நாக்கிங்’ சத்தம் எழுகிறதா என்று ஒரு சென்சார் கேட்டுக்கொண்டே இருக்கும். எழுந்தால் ஒரு சிறு எலக்ட்ரானிக் பெட்டி டர்போவின் அழுத்தத்தைக் குறைக்கும். நாக்கிங் என்பது எரிபொருள் தன் இஷ்டத்துக்கு வெடித்து பிஸ்டனைத் தட்டும் ஓசை. அடுத்த பத்தாண்டில் வந்த ‘ட்ரையானிக்’ அமைப்பு எனக்கு இன்றும் வியப்பு. பொறி விட்டு முடித்த ஸ்பார்க் பிளக்கிலேயே சிறு மின்னழுத்தம் கொடுத்து, எரியும் வாயுவின் அயனிகள் வழியே ஓடும் மின்னோட்டத்தை அது அளக்கும். நெருப்பைப் பற்ற வைத்த கருவியே அந்த நெருப்பின் நாடியையும் பார்த்தது.

எரிபொருள், பொறி, டர்போ அழுத்தம் என்ற மூன்றையும் ஒரே மூளை ஆண்டதால்தான் அந்தப் பெயரில் ‘ட்ரை’. அந்த மூளைதான் நாம் இன்று ஈசியு என்று சொல்வது. அதன் வேலையை நினைக்கும்போதெல்லாம் கச்சேரியில் மூன்று காலம் பாடுவது எனக்கு நினைவுக்கு வரும். பொறி மேல்காலம்: 3,000 ஆர்பிஎம்மில் ஓடும் நான்கு சிலிண்டர் இன்ஜினில் 10 மில்லி வினாடிக்கு ஒரு பொறி. அது எந்த நேரத்தில் விழ வேண்டும் என்பதை அடுத்த பொறியிலேயே மாற்றலாம். காற்றுவழியை மூடித் திறக்கும் த்ராட்டில் தகடு மத்திமகாலம்: வினாடியில் பத்தில் ஒரு பங்கு அளவில் அசையும். டர்போ கீழ்காலம்: தாழ்ந்த ஆர்பிஎம்மில் ஒரு வினாடியோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும். மூன்றும் வெவ்வேறு வேகத்தில் ஓடி, நம் கால் கேட்ட இடத்தில் ஒன்றாக வந்து விழ வேண்டும். அப்படி விழுந்தால்தான் ரெஸ்பான்ஸ்.

இன்றைய கார்களில் மிதிக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே கம்பி கிடையாது. மிதி அழுத்தத்தை இரண்டு சென்சார்கள் படித்து ஈசியுவிடம் சொல்கின்றன. ‘இவ்வளவு அழுத்தினால் இவ்வளவு டார்க் (முறுக்கு விசை) கேட்கிறார் என்று பொருள்’ என ஓர் அட்டவணை அதை மொழிபெயர்க்கிறது. ஈசியுவின் கணக்குகளைத் திருத்துவதற்குப் பெயர் டியூனிங். மலிவான டியூனிங் கை வைக்கும் முதல் இடம் இந்த அட்டவணை. கால்வாசி அழுத்தத்துக்கே முக்கால்வாசி டார்க் என்று எழுதிவிட்டால், கார் புதிதாகப் பிறந்தது போல முதல் நாள் இருக்கும். இன்ஜினில் ஒரு குதிரை சக்தியும் கூடியிருக்காது. மிதியின் மீதிப் பாதி செத்துப் போயிருக்கும். நெரிசலில் ஊர்ந்து போகும்போதும், ரிவர்ஸில் நிறுத்தும்போதும் அதன் சாயம் வெளுக்கும். கால் மெதுவாகப் பேச விரும்பினாலும் கார் கத்தும்.

மெய்யான வேலை இன்னும் உள்ளே நடக்கிறது. நிதானமாகப் போகும்போது வேஸ்ட்கேட்டை, அதாவது புகையை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் கதவை, மூடியே வைத்திருந்தால் சக்கரம் தூங்காமல் சுற்றும். ஆனால் புகை தடைபட்டு எரிபொருள் கூடும். திறந்துவிட்டால் மைலேஜ் கிடைக்கும். கால் கேட்டவுடன் பதில் வராது. எரிபொருளை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜின்களில் இன்னொரு வித்தை உண்டு. உள்வால்வையும் வெளிவால்வையும் சற்று நேரம் சேர்ந்தாற்போல் திறந்து வைத்தால், புதுக் காற்றில் ஒரு பகுதி நேரே பாய்ந்து போய் டர்போவைச் சுற்றும். அந்தக் காற்றில் எரிபொருள் இன்னும் கலந்திருக்காது, ஆகவே வீணும் இல்லை. பொறியைத் தாமதித்து விட்டால் டார்க் குறையும், ஆனால் வெப்பம் புகையோடு போய் சக்கரத்தை முடுக்கும். ராலி கார்கள் இதை எல்லை வரை கொண்டுபோயின. கால் எடுத்தாலும் காற்றை உள்ளே விட்டு, பொறியை வெகுவாகத் தாமதித்து, புகைக்குழாய்க்குள்ளேயே எரியவிட்டு டர்போவை விழிக்க வைக்கும் ‘ஆன்ட்டி லேக்’ அது. வளைவு தோறும் எழும் அந்தப் பட்டாசுச் சத்தத்துக்கு டர்போவின் ஆயுள்தான் விலை.

நண்பர் ஒருவரின் டர்போ பெட்ரோல் காரோடு ஒரு நாள் முழுக்க ஒரு டியூனர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய லேப்டாப் திரையில் இரண்டு கோடுகள். ஈசியு கேட்ட அழுத்தம் ஒன்று, டர்போ கொடுத்த அழுத்தம் மற்றொன்று. 1,600-க்கும் 2,200 ஆர்பிஎம்முக்கும் இடையில் இரண்டாவது கோடு பின்தங்கித் தவழ்ந்தது. அவர் வேஸ்ட்கேட்டை அந்த இடத்தில் கொஞ்சம் கூடுதல் நேரம் மூடி வைத்தார். சாலையில் ஓட்டிப் பார்த்தோம். இப்போது இரண்டாவது கோடு முதலாவதைத் தாண்டிக் குதித்தது. உடனே ஈசியு பயந்து த்ராட்டிலை மூட, கார் ஒருமுறை தலையாட்டியது. மறுபடி உட்கார்ந்தார். பாகு கம்பிப்பதம் வருமுன்பே அடுப்பை அணைப்பார்களே, மிச்சச் சூட்டில் அது தானே பதத்துக்கு வந்து நிற்கும் என்று. அதே போல, அழுத்தம் இலக்கைத் தொடுமுன்பே கதவு திறக்கத் தொடங்கும்படி மாற்றினார். ஓட்டுவதும் திருத்துவதுமாகப் பொழுது சாய்ந்தது.

“கீழே இன்னும் கொஞ்சம் ஏத்தலாமேண்ணா” என்று நண்பர் கேட்டார். “வேண்டாம் தம்பி” என்றார் அவர். காரணம் எனக்கும் தெரியும். சிறிய இன்ஜினில் தாழ்ந்த ஆர்பிஎம்மில் காற்றை அளவுக்கு மீறித் திணித்தால் பொறி விழுமுன்பே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைத்துவிடும்.

ஒரு டியூனிங்கைச் சோதிக்க முழு மிதியும் நெடுஞ்சாலையும் எனக்குத் தேவையில்லை. மூன்றாவது கியர், 2,000 ஆர்பிஎம், மிதியில் கால் அங்குலம். அதற்குத் தக்க இழுவை வருகிறதா? இன்னொரு கால் அங்குலம். அதே அளவு கூடுகிறதா? காலை எடுத்து உடனே திரும்ப வைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா? வேகம் கூடியதை எந்த டியூனரும் காட்டிவிடுவார். கேட்டதற்கு மேலும் தராமல் கீழும் தராமல் இருப்பதைக் காட்டுபவர் அபூர்வம்.

டியூனிங் முடிந்த அந்த வாரமே நண்பரின் காரில் வால்பாறை ஏறினோம். ஒன்பதாவது வளைவைத் தாண்டியபோது, நான் டர்போவைப் பற்றி நினைக்கவே மறந்திருந்தது உறைத்தது. இறங்கி வந்ததும் டியூனரை அழைத்து, மிதியின் அட்டவணையில் என்ன மாற்றினீர்கள் என்று கேட்டேன். “அதைத் தொடவே இல்லைங்க” என்றார்.