கிந்தாவின் ஈயம் இல்லாத காசு

அமெரிக்க மாதிரி நாணயங்கள் என்றால் சேகரிப்பாளர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குத்தான் ஓடுவார்கள். வெள்ளிக் காசுக்கு வெட்டிய அச்சிலேயே செம்பையும் அலுமினியத்தையும் அடித்து, ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலை அதிகாரிகள் வேண்டியவர்களுக்குக் கொடுத்த காலம் அது. அழகில் குறையில்லை, ஆனால் பல காசுகள் சேகரிப்பாளர் ஆசைக்கென்றே பிறந்தவை. என் ஓட்டு 1942இன் அவலட்சணமான சோதனைக் காசுகளுக்கு. ஈப்போக்காரன் என்ற பாசமும் கொஞ்சம் உண்டு.

அன்றைய அமெரிக்க சென்ட்டில் 95 விழுக்காடு செம்பு. மீதி வெள்ளீயமும் (எங்கள் பேச்சில் ஈயம்) துத்தநாகமும். 1941 டிசம்பர் கடைசியில் ஜப்பானியர் மலாயாவின் ஈப்போவைப் பிடித்தார்கள். புத்தாண்டன்று கம்பாரில் சண்டை. ஈப்போவைச் சூழ்ந்த கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய கப்பல்கள் கைமாறின. மலாயாத் தோட்டங்களின் ரப்பரும் போனதால், 1942 ஜனவரியில் அமெரிக்காவில் முதன்முதலாகப் பங்கீட்டுக்கு வந்த பொருள் டயர். அதே ஆண்டு சென்ட்டிலிருந்தும் ஈயத்தை ஏறக்குறைய எடுத்துவிட்டார்கள். செம்பும் போருக்கு வேண்டியிருந்தது. பிளாஸ்டிக், ஃபைபர், கண்ணாடி என்று கிடைத்ததையெல்லாம் அச்சுக்கடியில் வைத்துப் பார்த்தார்கள்.

சோதனை வெளிக் கம்பெனிகளில் நடந்ததால் சென்ட்டிலிருந்த லிங்கன் முகத்தைக் கொடுக்கவில்லை. கொலம்பியாவின் 2 சென்டாவோ காசிலிருந்த பெண் தலையை இரவல் வாங்கி, 'லிபர்ட்டி', 'ஜஸ்டிஸ்' என்று பொறித்து, 1942 என்று ஆண்டும் போட்டார்கள். பின்பக்க மலர் வளையத்துக்குள் 'யுனைடெட் ஸ்டேட்ஸ் மின்ட்'. மதிப்பு எண் கிடையாது.

டென்னசி மாநிலம் கிங்ஸ்போர்ட்டிலிருந்த புளூ ரிட்ஜ் கண்ணாடிக் கம்பெனி செய்ததைப் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். தேன் நிறம்; வெளிச்சம் ஊடுருவும். உலோகத்தில் கம்பி கம்பியாக விழும் கூந்தல் இங்கே பாகாய்க் குழைந்திருக்கிறது. தளமெங்கும் மயிரிழை விரிசல். செதுக்கியவர் கண்டால் முகம் சுளிப்பார். எனக்கோ, வெட்டிய அச்சுக்கு அடங்க மறுக்கும் பொருளின் பிடிவாதம் இவ்வளவு பச்சையாகத் தெரிவது வேறெந்தக் காசிலும் இல்லை. 2017 ஜனவரி ஏலத்தில் இப்படி ஒன்று 70,500 டாலருக்குப் போனது.

கடைசியில் வென்றது துத்தநாகம் பூசிய எஃகு. 1943இல் தவறிப்போய்ப் பழைய வெண்கல வில்லையில் அடிபட்ட சில சென்ட்டுகள்தான் இன்று பெரும்புகழோடு திரிகின்றன. யாராவது விற்க வந்தால் முதலில் காந்தம் வையுங்கள். ஒட்டினால் அது செம்பு முலாம் பூசிய எஃகு. ஒட்டாவிட்டாலும் பர்சைத் திறக்காதீர்கள். 1948இன் எட்டைச் சுரண்டி மூன்றாக்கிய போலிகள் ஏராளம்.