'ஒரு மனைவியின் கணவன்': ஒரு தொடரும் அதன் பொருள் எல்லையும்

திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தின் 3ஆம் அதிகாரமும் தீத்துவுக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் முதல் அதிகாரமும் திருச்சபைத் தலைவருக்குரிய தகுதிகளை எடுத்துரைக்கின்றன. அவற்றுள் ஒன்று மூன்றே கிரேக்கச் சொற்களால் ஆனது: மியாஸ் குனைகோஸ் ஆனேர். இத்தொடரில் வினை இல்லை, காலம் இல்லை, மணவிலக்கைக் குறிக்கும் சொல்லும் இல்லை. ஆயினும் மறுமணம் புரிந்தவர் ஆயராகலாமா என்னும் வழக்கு நூற்றாண்டுகளாக இதனைச் சார்ந்தே நடந்துவந்துள்ளது.

'குனே' பெண்ணையும் மனைவியையும், 'ஆனேர்' ஆணையும் கணவனையும் குறிக்கும். இலத்தீன் வுல்காத்தா 'உக்சோர்' என்று பெயர்த்தபோது முதற்சொல்லின் ஐயம் நீங்கியது. 'வீர்' மட்டும் இருபொருளுடன் நின்றது.

இது பலதார மணத்தைத் தடுக்கும் விதி என்பது எளிதில் தோன்றும் பொருள். ஆனால் அதே முதல் திருமுகத்தின் 5ஆம் அதிகாரம், 60 வயதுக்குக் குறையாத கைம்பெண்களைப் பதிவுசெய்யும் இடத்தில், இத்தொடரைப் பால்மாற்றி ஆள்கிறது. ஒருத்தி ஒரே காலத்தில் பல கணவரைக் கொள்ளும் வழக்கம் கிரேக்க உரோமச் சமுதாயத்தில் இல்லை. ஆகவே இப்பொருள் அங்குப் பொருந்தாது. ஒருமுறையே மணந்தவளை 'ஊனிவிரா' என்று போற்றும் உரோமக் கல்லறைக் கல்வெட்டுகள் வேறொரு பொருளுக்கு வழிகாட்டுகின்றன. மறுமணத்தை முற்றிலும் மறுத்த தெர்த்துல்லியன் அவ்வழியே சென்றார். எனினும் இளங் கைம்பெண்கள் மணம்புரிய வேண்டும் என்று அதே அதிகாரம் அறிவுறுத்துவதால், மணந்தவர்கள் முதுமையில் பதிவுக்குத் தகுதி இழப்பர் என்ற முரண் எழுகிறது. தெர்த்துல்லியனின் பொருள்கோள் இம்முரணைத் தீர்க்கவில்லை.

எரோணிமுசின் 69ஆம் மடல் இவ்வகையில் சுவையானது. ஞானமுழுக்குக்கு முன் ஒருத்தியையும், அவள் இறந்து முழுக்குப் பெற்றபின் மற்றொருத்தியையும் மணந்த கார்த்தேரியுஸ் என்னும் ஸ்பானிய ஆயருக்காக அவர் வாதிடுகிறார். முழுக்குக்கு முந்திய மணம் கணக்கில் சேராது என்கிறார். இலக்கணம் விடைதராத இடத்தில் திருவருட்சாதனம் விடைதந்தது எனலாம். திருத்தூதர் விதிகளின் 17ஆம் விதியும் முழுக்குக்குப் பிந்திய இரு மணங்களையே தடுக்கிறது. மணவிலக்கு 18ஆம் விதியில்தான் வெளிப்படையாக வருகிறது. அங்கும் விலக்கப்பட்ட பெண்ணை மணந்தவனுக்கே தடை. 5ஆம் நூற்றாண்டின் தெயோதோரேத்துவோ ஒரே காலத்தில் இருவரைக் கொள்வதையே தொடர் தடுப்பதாக உரைத்தார்.

தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு 'ஒரே', 'உடைய' ஆகிய சொற்களைக் கையாள்கிறது. 'மியாஸ்' முதலில் நின்று அழுத்தம் பெறுவதால் ஏகாரம் பொருந்துவதே. 'உடைய' என்பதோ வேற்றுமையுறவைத் திருப்பிவிடுகிறது: கிரேக்கத்தில் கணவன் மனைவிக்கு உரியவன், தமிழில் மனைவி கணவனின் உடைமை. மேலும், 'உடைய' இன்றைய நிலையையே சுட்டுவதால், மனைவியை இழந்து மறுமணம் புரிந்தவர் எளிதில் தகுதி பெறுகிறார். 'ஒருமுறையே மணந்தவன்' என்றால் அவர் விலக்கப்படுவார். இரண்டும் மூலம் கூறாத தீர்ப்புகள். ஒருவரின் பணியுரிமை அவற்றால் முடிவாகிவிடும். 'ஒருத்திக்கே உரிய கணவன்' என்னும் ஆக்கம் உறவின் திசையைக் காக்கிறது. காலத்தைத் திறந்தே விடுகிறது. கைம்பெண் பற்றிய இடத்திலும் 'ஒருவனுக்கே உரிய மனைவி' என்று அமைத்தால், இரு தொடர்களின் இணைவடிவம் தமிழிலும் புலப்படும்.