கடலில் போட்ட சனியன்கள்

வியாபாரிகள் எழுதும் சுயசரிதத்தை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கையில் எடுப்பேன். பேரேடு எழுதிப் பழகிய கைக்கு வரவும் செலவும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் மனிதன் பட்ட பாட்டைச் சொல்ல வராது. வில்லியம் ராட்ச் என்ற திமிங்கில எண்ணெய் வியாபாரி எண்பதாவது வயதில், 1814-ல் எழுதிவைத்த நினைவுக் குறிப்பைப் பற்றியும் அப்படித்தான் நினைத்தேன். அது புத்தகமாக அச்சேறியது 1916-ல். சின்னப் புத்தகம், ஓர் இரவில் முடித்துவிடலாம். எனக்கு இரண்டு இரவு பிடித்தது.

அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால் நான்டக்கெட் என்று ஒரு மணல் தீவு. ராட்ச் குடும்பம் அங்கே தலையெடுத்தது. கப்பல் அவர்களுடையது, எண்ணெய் அவர்களுடையது, திமிங்கிலத்தின் தலைக்குள்ளிருந்து எடுக்கும் மெழுகில் வார்த்த மெழுகுவர்த்தியும் அவர்களுடையது. தகப்பனார் ஜோசப் 1765-ல் எதிர்க்கரைக்குப் போய், பிற்பாடு நியூ பெட்போர்டு என்று பேர்பெற்ற துறைமுகத்துக்கு வித்திட்டார். குடும்பத்தார் எல்லாரும் குவேக்கர்கள். ஆயுதம் எடுப்பதில்லை என்று விரதம் பூண்ட மதம் அது.

புத்தகத்தின் உயிர்நிலை ஒரு சிறு சம்பவத்தில் இருக்கிறது. கடன்பட்ட ஒருவனிடமிருந்து ராட்சுக்குக் கொஞ்சம் துப்பாக்கிகள் வந்து சேருகின்றன. முனையில் செருகும் கத்தியோடு வந்தவை. நம்மவர்கள் அதற்குச் சனியன் என்று பேர் வைத்தார்கள். இதைவிடப் பொருத்தமான பேர் கிடையாது. ராட்ச் சனியன்களைக் கழற்றி வைத்துக்கொண்டு, துப்பாக்கிகளை மட்டும் பறவை வேட்டைக்காரர்களுக்கு விற்கிறார். சுதந்தரப் போர் மூண்டதும், அந்தச் சனியன்களைக் கொடு என்று கேட்டு ஆள் வருகிறது. மனிதனைக் கொல்வதற்கென்றே செய்த பொருளை ஒருவன் கையில் கொடுக்க என்னால் ஆகாது என்று சொல்லி, அத்தனையையும் கடலில் கொட்டிவிடுகிறார். விசாரணைக் குழு கூப்பிட்டுக் கேட்டபோதும் ஒளிக்கவில்லை. இன்னும் ஆழமான இடத்தில் போடவில்லையே என்றுதான் இவருக்கு வருத்தமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

படிக்கும்போது மனசு நெகிழ்கிறது. மறுநிமிஷமே, இந்த மனிதர் எதை விற்றுச் சாப்பிட்டார் என்ற கேள்வியும் எழுகிறது. எறியீட்டி பாய்ந்த திமிங்கிலம் படகை இழுத்துக்கொண்டு ஓடி ஓய்ந்ததும், நீண்ட வேலால் அதன் நுரையீரலைத் தேடிக் குத்துவார்கள். அது ரத்தத்தை மூச்சாக விடும். கொழுப்பைத் துண்டம் போட்டு எண்ணெயாய் உருக்குவார்கள். இந்தக் காட்சியைக் கண்முன் நிறுத்தும் ஓர் இடம்கூட இவர் புத்தகத்தில் எனக்கு அகப்படவில்லை. எண்ணெயும் கப்பலும் தீர்வையுமாகத்தான் திமிங்கிலம் வருகிறது. ஒளிக்க வேண்டும் என்று ஒளிக்கவில்லை. அவர் கண்ணில் அது படவே இல்லை.

ஹெர்மன் மெல்வில் கண்ணில் பட்டது. 'மோபி டிக்' 1851-ல் வந்தது. அதில் பில்டாட் என்று ஒரு கப்பல் சொந்தக்காரன். மனிதர்மேல் கை ஓங்காத குவேக்கர். கடலில் அவன் சிந்திய ரத்தத்துக்கு அளவில்லை. வேத புஸ்தகத்தைப் படித்துக்கொண்டே, புதிதாக வந்த மாலுமிக்கு லாபத்தில் 777-ல் ஒரு பங்கு போதும் என்கிறான். கல்லூரி நாளில் இதைப் படித்து வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறேன். (திமிங்கில சாஸ்திர அத்தியாயங்களைத் தாண்டிப் போனதையும் ஒப்புக்கொள்கிறேன்.) ராட்ச்சைப் படித்த பிறகு அந்தச் சிரிப்பு கொஞ்சம் மலிவாகத்தான் படுகிறது. 1773-ல் இதே ராட்சின் கப்பலில் போய்வந்த பிரின்ஸ் பாஸ்டன் என்ற அடிமையின் கூலியை, எஜமானிடம் கொடுக்காமல் அவன் கையிலேயே கொடுத்தார்கள். எஜமானன் வழக்குப் போட்டுத் தோற்றான்; பாஸ்டன் சுதந்தர மனிதனானான். கொள்கைக்காகக் கைப்பொருளை இழக்கத் தயாரான ஆளை மெல்வில் தம் நாவலில் அந்த மேஜையில் உட்கார வைக்கவில்லை. வைத்திருந்தால் கேலி செய்வது அத்தனை சுலபமாக இருந்திருக்காது.

அதே வருஷம் குடும்பத்தின் இன்னொரு கப்பல், 'டார்ட்மவுத்', தேயிலையோடு பாஸ்டனுக்கு வந்து மாட்டிக்கொண்டது. வில்லியத்தின் தம்பி பிரான்சிஸுக்கு இருபத்து மூன்று வயது. சரக்கை இறக்க ஜனங்கள் விடவில்லை. இறக்காமல் திரும்பக் கவர்னர் விடவில்லை. டிசம்பர் 16 அன்று அவன் கவர்னரிடம் போய்க் கெஞ்சிவிட்டு வெறுங்கையோடு வந்தான். அன்று இரவே தேயிலை கடலுக்குப் போயிற்று. சரித்திரப் புத்தகத்தில் ஒரு வரியாக வரும் இந்தப் பையன் மேல் எனக்கு ஒரு கண்.

புத்தகத்தின் பிற்பகுதி முழுக்க அலைச்சல். போருக்குப் பின் இங்கிலாந்து அந்நிய எண்ணெய்க்குப் போட்ட வரி தொழிலின் கழுத்தை நெரித்தது. ராட்ச் 1785-ல் லண்டனுக்குப் போகிறார். தீவுக் குடும்பங்களை அங்கே குடியேற்றப் பேசுகிறார். மாதக்கணக்கில் காத்திருந்தும், ஹாக்ஸ்பரி பிரபு கப்பலுக்குக் கப்பல் பேரம் பேசுகிறார். பிரான்சிலோ மந்திரிகள் சில மணி நேரத்தில் சம்மதித்துவிடுகிறார்கள். இந்த இடத்தில் கிழவரின் எழுத்தில் ஒரு மெல்லிய குதூகலம் இருக்கிறது. ஹாக்ஸ்பரியை அவர் திட்டவே இல்லை, நடந்ததை நடந்தபடி சொல்லியே காலி பண்ணிவிடுகிறார். தொழில்முறை எழுத்தாளன் பொறாமைப்பட வேண்டிய விஷயம்.

டன்கர்க்கில் குடியேறினால் அங்கே புரட்சி வந்துவிடுகிறது. 1791 பிப்ரவரியில், மகன் பெஞ்சமினோடு தேசிய சபைக்குப் போய், எங்களை ஆயுதம் தூக்கச் சொல்லாதீர்கள் என்று மனுக் கொடுக்கிறார். அன்றைய தலைவர் மிராபோ. தொப்பியைக் கழற்றாமல், புரட்சிச் சின்னமும் குத்திக்கொள்ளாமல், அந்தக் கூட்டத்தில் நின்றார்கள். மரியாதையாகப் பதில் சொன்ன மிராபோ, தன்னையும் தன் அயலானையும் காப்பாற்றுவதும் ஒரு தர்மம்தானே என்ற கருத்தில் ஒரு கொக்கியும் போட்டார். நாவலாக இருந்தால் ராட்ச் அந்த இடத்தில் ஒரு விநாடி தடுமாறியிருப்பார். இவர் தடுமாறவில்லை. எனக்கு அது ஏமாற்றம்தான். ஆனால் பொய்யாகத் தோன்றவில்லை.

1793-ல் யுத்தம் நெருங்கியபோது பிரான்சை விட்டார். 1795-ல் நியூ பெட்போர்டுக்கு வந்து சேர்ந்து, 1828-ல் அங்கேயே இறந்தார். மெல்வில் 1841-ல் மாலுமியாகக் கப்பலேறியது அதே ஆற்றின் எதிர்க்கரையிலிருந்து.

'மோபி டிக்' படித்தவர்கள் இதையும் தேடிப் படிக்கலாம். ஆரம்பத்தில் போர்க்கால நஷ்டங்கள் சற்று அலுப்புத் தட்டினால், நேரே லண்டன் பேரத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வாருங்கள்.