சிலுவையும் கணக்கேடும்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த எம் பகுதியில் உயர்தரக் கலைப்பிரிவு மாணவர் சிலர் ஒரே நாளில் இரண்டு பாடங்களைக் கற்கின்றனர். ஒன்று பொருளியல், மற்றொன்று கிறிஸ்தவ நாகரிகம். முதலாவதில், கேள்வியும் நிரம்பலும் விலையைத் தீர்மானிக்கும் என்று எழுதுகின்றனர். இரண்டாவதில், எளியவனுக்கு நீதி செய்வதே இறைவனுக்கு உகந்தது என்று எழுதுகின்றனர். இரு கொப்பிகளும் ஒரே பைக்குள் கிடக்கின்றன. ஆயினும் ஒன்றையொன்று அறியா.

கரைவலை இழுக்கும் தொழிலாளி ஒருவரின் மகன் ஒருநாள் என்னிடம் கேட்டான்: "சேர், மீன் நிறையப் பட்ட நாளிலும் அப்பாவின் பங்கு ஏன் கடனுக்கே போய்விடுகிறது? இதற்கு விடை எந்தக் கொப்பியில் இருக்கிறது?" தமிழ் கற்பிக்கும் என்னால் விடை கூற இயலவில்லை. அந்த வினாவைச் சுமந்துகொண்டுதான் ஜே. சி. குமரப்பாவின் நூல்களை மீண்டும் படித்தேன்.

1892இல் தஞ்சாவூரில், கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தவர் குமரப்பா. ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்பது அவருடைய முற்பெயர். இலண்டனில் கணக்கியல் பயின்று, பம்பாயில் கணக்காய்வாளராகத் தொழில் புரிந்து, பின்னர் நியூயோர்க்கில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் செலிக்மன் என்னும் பேராசிரியரிடம் பொது நிதி கற்றார். இந்தியாவின் வறுமைக்கும் ஆங்கில அரசின் வரிக்கொள்கைக்கும் உள்ள தொடர்பே அவரது ஆய்வுப் பொருள். அந்த ஆய்வே 1929இல் அவரைக் காந்தியடிகளிடம் கொண்டு சேர்த்தது. மேனாட்டு உடையைக் களைந்து கதர் உடுத்த அந்தக் கணக்கர், குஜராத்தின் மாதர் தாலுகாவில் வீடு வீடாகச் சென்று உழவரின் வரவு செலவைக் கணக்கெடுத்தார். 1934இல் தொடங்கப்பெற்ற அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தை நடத்தினார். பலமுறை சிறை புகுந்தார்.

ஜபல்பூர்ச் சிறையில் அவர் எழுதிய நூல்கள் இரண்டு. ஒன்று இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியது. இவற்றைத் தனித்தனியே படிப்போர் இரண்டையுமே இழப்பர். சமயநூலில் அவர் கேட்பது: செல்வத்தையும் இறைவனையும் ஒருங்கே தொழும் திருச்சபை எவ்வாறு இயேசுவினுடையதாகும்? பொருளியல் நூலில் அவர் கேட்பது: பிறர் உழைப்பைத் தின்று வளரும் பொருளாதாரம் எவ்வாறு நிலைக்கும்? கேள்வி ஒன்றே, அதை இரண்டு கொப்பிகளில் எழுதியிருக்கிறார்.

வாங்குபவனும் பொறுப்பாளியே என்னும் கருத்து அவருடைய சிந்தனையின் சிகரம். கொடுமையால் விளைந்த பொருளை மலிவென்று வாங்குகிறவன் அக்கொடுமையில் பங்காளியாகிறான். விலை என்பது வெறும் எண்ணன்று. அதற்குள்ளே மனிதரின் வியர்வையும் கண்ணீரும் உறைந்திருக்கின்றன. பாடநூற் பொருளியல் மறைத்துவைத்த இந்த உண்மையை விசுவாசம் அவர் கண்ணுக்குக் காட்டியது. விசுவாசம் ஆய்வைக் கெடுக்கும் என்போர் இதற்கு என்ன மறுமொழி கூறுவர்?

ஆயினும் போற்றுவதோடு நின்றுவிடுதல் திறனாய்வு ஆகாது. பொருளாதாரத்தின் ஐந்து படிகளைக் குமரப்பா இயற்கையிலிருந்து எடுத்துக்காட்டுகிறார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி கீழ்ப்படி; மரத்துக்கு எதுவும் தராமல் கனி பறிக்கும் குரங்கு அடுத்த படி; கூட்டமாய் உழைக்கும் தேனீ மேற்படி; குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவை உச்சி. தன் சுயேச்சையால் மனிதன் கீழ்ப்படியிலிருந்து மேற்படிக்கு ஏறலாம் என்பது அவர் நம்பிக்கை. உவமை அழகியது. ஆனால் எம் கடற்கரையில் அது போதவில்லை.

கரைவலையின் சொந்தக்காரரான சம்மாட்டி புலியல்லர். அவர் கோயிலுக்குக் கொடுப்பவராகவும், துக்கவீட்டில் முன்னிற்பவராகவும் இருக்கலாம். வலையும் தோணியும் அவருடையவை. இழுக்கும் கைகள் மற்றவர்களுடையவை. பருவத் தொடக்கத்தில் கொடுக்கும் முற்பணம் அந்தக் கைகளைக் கட்டிவைக்கிறது. அவர் மனம் திருந்தினாலும் இந்த உறவு திருந்திவிடாது. உடைமையிலும் கடனிலும் வேரூன்றிய ஒன்றை மனப்பாங்கின் குற்றமாகக் காண்பதே குமரப்பாவின் குறை. மாதர் தாலுகாவில் கணக்கைப் பேசவிட்டவர், சிறையில் உவமையைப் பேசவிட்டார். முன்னவரே நமக்கு இன்று அதிகம் தேவைப்படுகிறார்.

மேலும், சீனக்குடாவின் 99 எண்ணெய்க் குதங்களை நோக்குங்கள். 2022 சனவரியில் அவற்றுள் 14 இந்திய நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 கூட்டுக் கம்பனிக்கும் என ஒப்பந்தமாயிற்று. இத்தகைய எண்களின் முன்னே தனியொரு நுகர்வோனின் மனச்சாட்சி என்ன செய்யும்?

இவ்விடத்தில் நம் நாட்டுத் துறவியொருவர் துணைக்கு வருகிறார். அமலமரித் தியாகிகள் சபைக் குருவும் பொருளியல் கற்றவருமான திஸ்ஸ பாலசூரிய (1924–2013) அடிகளார் 1971இல் கொழும்பில் சமூக சமய நிலையத்தை நிறுவினார். நற்கருணையையும் மனித விடுதலையையும் பற்றி 1977இல் வெளிவந்த நூலில் அவர் விடுத்த வினா கூர்மையானது: அப்பத்தைப் பகிரும் சடங்கு நூற்றாண்டுகளாக நடைபெற்ற நாடுகளே பிறர் நிலங்களைக் கொள்ளையிட்டது எப்படி? குமரப்பா தனிமனிதனின் கூடையைச் சோதித்தார். பாலசூரியரோ உலகத்தின் பந்தியைச் சோதித்தார். இருவரையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். அமைப்பை மட்டும் காண்பவன் தன் கையிலுள்ள பங்கை மறப்பான். தன் கையை மட்டும் கழுவுகிறவன் அமைப்பை அப்படியே விட்டுச்செல்வான்.

விசுவாசம் பொருளியலுக்குச் சூத்திரம் வழங்காது. வழங்க முயன்றால் அது போலிக் கணக்காகும். "யாருடைய இழப்பில் இந்த இலாபம்?" என்று ஓயாமல் கேட்பதே அதன் பணி. விடையை ஆய்வுதான் தேடவேண்டும். கேள்வி கேளாத பொருளியலும், கணக்கைப் பாராத பக்தியும் உழைப்பவனுக்கு உதவா.

அந்த மாணவனிடம் குமரப்பாவின் கதையைச் சொன்னேன். பின்னர், ஒரு பருவம் முழுவதும் தந்தையின் முற்பணம், பட்ட மீன், விற்ற விலை, கிடைத்த பங்கு ஆகியவற்றை நாள்தோறும் குறித்துவைக்கச் சொன்னேன். அதற்காக மூன்றாவது கொப்பியொன்று வாங்கியிருக்கிறான்.