வேஷம் கட்டிய வாசகர்கள்

பல வருஷங்களுக்கு முன் என் நாவல் ஒன்று பத்திரிகையில் தொடராக வந்து முடிந்தது. அடுத்த வாரமே ஒரு வாசகரிடமிருந்து பதினாறு பக்கக் கடிதம். கடிதம் என்று சொல்வதுகூடத் தவறு. என் நாவலுக்கு அவர் எழுதிய வேறொரு கடைசி அத்தியாயம் அது. நான் சாகவிட்ட கிழவியை அவர் பிழைக்கவைத்து, ரயிலேற்றிக் காசிக்கு அனுப்பியிருந்தார். நடை மோசமில்லை. ஓரிரு இடங்களில் என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது. அதனால்தானோ என்னவோ எனக்குக் கோபம் வந்தது. பதில் போடவில்லை.

அந்தக் கடிதம் எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது டோக்கியோவில், 2023 டிசம்பர் கடைசியில்.

அங்கே காமிக் மார்க்கெட் என்று ஒன்று நடக்கிறது. வருஷத்துக்கு இரண்டு முறை. ஆகஸ்டில், இறந்த முன்னோர்களை வீட்டுக்கு அழைக்கும் ஓபோன் பண்டிகையை ஒட்டி ஒன்று. டிசம்பரில், வருஷத்தின் கடைசி நாட்களில் இன்னொன்று. ஜப்பானில் வருஷக் கடைசி என்றால் வீட்டை மூலை முடுக்கெல்லாம் துடைத்துச் சுத்தம் செய்து, சொந்த ஊருக்குப் போய், 31-ஆம் தேதி இரவு சோபா நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுப் புது வருஷத்துக்காகக் காத்திருக்கிற சமயம். ஊரெல்லாம் வீடு திரும்பும் அந்த நாட்களில்தான் இவர்கள் கடலோரத்து டோக்கியோ பிக் சைட் பொருட்காட்சி மண்டபத்துக்குப் போய் வரிசையில் நிற்கிறார்கள். பிரமிடுகளைத் தலைகீழாகத் திருப்பி உயரத்தில் நிறுத்திய மாதிரியான கட்டிடம் அது. இரண்டு நாளும் போனேன். இரண்டு நாளும் கால் வலித்தது.

மங்கா என்ற சித்திரக் கதைகளையும் அனிமே என்ற சித்திரப் படங்களையும் நேசிப்பவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு அச்சடித்த புத்தகங்களை அங்கே விற்கிறார்கள். அவற்றுக்கு டோஜின்ஷி என்று பெயர். பெரும்பாலானவை பிறருடைய பாத்திரங்களை எடுத்துக்கொண்டு எழுதியவை. வெளியே திறந்த வெளியில் அந்தப் பாத்திரங்களாகவே வேஷமிட்டவர்கள் நிற்கிறார்கள். காஸ்ப்ளே என்ற சொல்லை 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானியர்தான் உண்டாக்கினார்கள் என்றாலும், காரியம் அதைவிடப் பழையது. 1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக விஞ்ஞானக் கதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் அக்கர்மேனும் மர்ட்டில் டக்ளஸும் எதிர்கால உடையில் வந்தார்கள். தைத்தவள் மர்ட்டில். பேர் வாங்கியவர் பெரும்பாலும் அக்கர்மேன்.

காமிக் மார்க்கெட்டில் வேஷத்துக்குக் கண்டிப்பான விதிகள் உண்டு. வேஷத்தோடு வரவும் கூடாது, வேஷத்தோடு வீடு திரும்பவும் கூடாது. அங்கே உள்ள அறையில்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. இது எனக்குப் பிடித்திருந்தது. நாடகக்காரனும் அரிதாரத்தோடு பஸ் ஏற மாட்டான்.

ஆனால் வேஷங்களைப் பற்றி என் அபிப்பிராயத்தை மறைப்பதற்கில்லை. முக்கால்வாசி வெறும் நகல். பொத்தான் சரி, கத்தியின் நீளம் சரி, தலைமயிரின் நீலம்கூடச் சரி. ஆள் மட்டும் இல்லை. ஒரே பாத்திரத்தின் வேஷத்தில் இரண்டு பெண்களைப் பார்த்தேன். ஒருத்தியின் உடையில் குற்றம் சொல்ல முடியாது. காமிராக்காரர்கள் வளையமாகச் சூழ்ந்திருந்தார்கள். இன்னொருத்தியின் உடை மலிவுத் துணி, தையலும் கோணல். அவளைச் சுற்றி யாருமில்லை. அவள் ஒரு தோளை லேசாகத் தாழ்த்தி, யாருக்கோ வெகுநேரம் காத்திருந்து சலித்தவளைப் போல நின்றாள். அந்தக் கதையை நான் படித்ததில்லை. இருந்தும் அவளைப் பார்த்ததும் அந்தப் பாத்திரம் யாரென்று எனக்குப் புரிந்துவிட்டது. முதல் பெண் உடையைப் படித்திருக்கிறாள். இரண்டாமவள் கதையைப் படித்திருக்கிறாள்.

விற்பனை மேஜைகளிலும் இதே கதைதான். மலை மலையாகக் குவிந்திருப்பதில் பெரும் பகுதி சலிப்பூட்டுவது. ஆபாசத்துக்கும் குறைவில்லை. இதைச் சொல்லாமல் அந்த இடத்தைப் புகழ்பவர்களை நான் நம்ப மாட்டேன்.

இத்தனையும் எப்படி ஆரம்பித்தது என்று தெரிந்துகொண்டபோது ஆச்சரியமாக இருந்தது. 1975-இல் ஒரு பெரிய மங்கா மாநாட்டைக் குறை சொன்ன ரசிகர் ஒருவருக்கு அதில் கலந்துகொள்ள அனுமதி மறுத்துவிட்டார்கள். அந்தக் கோபத்தில்தான் வேறொரு சந்தை பிறந்தது. நடத்தியவர்கள் 'மெய்க்யூ', அதாவது புதிர்வழி, என்ற ஒரு சிறு கூட்டத்தார். அவர்கள் முதலாவதாக விமர்சகர்கள். 1975 டிசம்பர் 21-ஆம் தேதி கூடிய முதல் சந்தையில் 32 குழுக்கள் கடை விரித்தன. வந்தவர்கள் சுமார் 700 பேர். தொடங்கியவர்களில் ஒருவரான யோஷிஹிரோ யோனெஸாவா 2006-இல் இறந்தார். அவர் சேர்த்த புத்தகங்களைக் கொண்டு மெய்ஜி பல்கலைக்கழகம் 2009-இல் ஒரு நூலகமே திறந்திருக்கிறது. 2019 டிசம்பரில் நான்கு நாட்களில் வந்தவர்கள் ஏழரை லட்சம் என்று கணக்கு. தொற்றுக் காலத்துக்குப் பின் 2021 டிசம்பரில் நாளொன்றுக்கு சுமார் 55,000 பேரை மட்டும் விட்டார்கள்.

எழுநூறு பேரின் சண்டை ஏழரை லட்சம் பேரின் கொண்டாட்டமானதில் லாபம் எது, நஷ்டம் எது? நஷ்டம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அங்கே இப்போது எங்கு திரும்பினாலும் அன்பு. பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை கேட்க வெகுதூரம் நடக்க வேண்டும். விமர்சனப் புத்தகங்களுக்கு இன்றும் தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே நெரிசல் இல்லை. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் நான் புரட்டுவதைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தாளனின் அந்த முகம் எனக்குப் பழக்கமானது.

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே 'வாடிக்கையாளர்' என்று யாரும் கிடையாது. விற்பவர், வாங்குபவர், வேஷம் போட்டவர், சம்பளம் வாங்காமல் வரிசையை ஒழுங்கு செய்கிற தொண்டர் எல்லோருக்கும் ஒரே பெயர், பங்கெடுப்பவர். வாசகன் என்பவன் காசு கொடுத்து வாங்கிப் படித்துவிட்டு வாயை மூடிக்கொள்பவன் என்ற எண்ணம் அங்கே செல்லாது. என் கோபத்துக்கும் அதே எண்ணம்தானே வேர்?

இதற்கு எல்லை உண்டா என்பதற்கு ஒரு சம்பவம். டோரேமானை நம் வீட்டுக் குழந்தைகளுக்குத் தெரியும். அதைப் படைத்த ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ 1996-இல், கதைக்கு முடிவு எழுதாமலே காலமானார். 2005-இல் ஒரு ரசிகர் தாமே ஒரு கடைசி அத்தியாயம் வரைந்து டோஜின்ஷியாக விற்றார். டோரேமானின் பாட்டரி தீர்ந்துவிடுகிறது. மக்குப் பையன் நோபிதா அவனைப் பிழைக்கவைப்பதற்காகவே படித்துப் பெரியவனாகி, பொறியியல் அறிஞனாகி, மறுபடி ஓட வைக்கிறான். பதின்மூன்றாயிரம் பிரதிகள் போல விற்றன. அட்டையும் அசலைப் போலவே இருந்ததால் உண்மையான முடிவு என்றே நம்பியவர்களும் உண்டு. உரிமையாளர்கள் ஆட்சேபித்தார்கள். 2007-இல் அவர் மன்னிப்புக் கேட்டு, வந்த பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தார்.

சட்டப்படி உரிமையாளர்கள் செய்தது நியாயம். ஜப்பானியச் சட்டத்தில் இந்த மாதிரிப் புத்தகங்களுக்கு உரிமையாளர் புகார் செய்தால்தான் வழக்கு; பெரும்பாலான பதிப்பாளர்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். இந்த விஷயத்தில் மூட முடியவில்லை, ஏனென்றால் புத்தகம் நன்றாக இருந்தது. மோசமான நகலை யாரும் பயப்படுவதில்லை. அந்த ரசிகர் டோரேமானைச் சரியாகப் படித்திருந்தார். உதவாக்கரைப் பையன் ஒருவனுக்கு எதிர்காலத்திலிருந்து உதவி வருவதுதான் மூலக்கதை. அந்த உதவியை அவன் ஒருநாள் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும் என்று கண்டுபிடித்தது விமர்சகனின் வேலை. ஒரு கட்டுரையில் எழுத வேண்டியதை அவர் கதையாக வரைந்துவிட்டார்.

இரண்டாம் நாள் மாலை, சந்தை முடிந்தது என்று ஒலிபெருக்கியில் அறிவித்ததும் மண்டபம் முழுவதும் கை தட்டினார்கள். யாருக்காக என்று தெரியவில்லை, மேடை கிடையாது. நானும் தட்டினேன்.

ஊர் திரும்பியதும் பழைய கடிதக் கட்டுகளை அவிழ்த்துத் தேடினேன். மின்சாரக் கட்டண ரசீதுகளும் கல்யாணப் பத்திரிகைகளும் கிடைத்தன. அந்தப் பதினாறு பக்கம் கிடைக்கவில்லை. காசிக்குப் போன கிழவி அங்கே யாரைச் சந்தித்தாள் என்று அவர் எழுதியிருந்தார். அது யார் என்பது எனக்கு மறந்துவிட்டது.