சந்திரலேகாவின் ‘சரீரா’: காண்போர் மொழியும் வருணனையின் சிக்கலும்

சந்திரலேகா (1928–2006) 2001ஆம் ஆண்டில் உருவாக்கிய ‘சரீரா’ அவருடைய இறுதி ஆடற்படைப்பாகும். ஒரு பெண், ஓர் ஆண், குந்தேச்சா சகோதரர்களின் துருபத் இசை ஆகியவற்றுக்கு மேல் அதில் எதுவுமில்லை. கதை இல்லை, பாட்டு வரிக்குக் கை பிடிக்கும் அபிநயம் இல்லை, கடவுளோ தலைவனோ தோழியோ விளிக்கப்படுவதுமில்லை. சற்றேறக்குறைய ஒரு மணி நேரம் உடல்கள் மிக மெல்ல இயங்குகின்றன. இதனைப் பற்றித் தமிழில் பேசவும் எழுதவும் முற்படுவோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு கலைக்கொள்கை சார்ந்தது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. அதில் பெரும்பகுதி இலக்கணம் சார்ந்தது என்பதே ஈண்டு எடுத்துரைக்கப்படுகிறது.

மாலைப் பொழுதை ஒன்றாகக் கழிக்க எண்ணி இந்நிகழ்ச்சிக்கு வரும் தமிழ்த் தம்பதியர் இருவரைக் கற்பனை செய்துகொள்வது கடினமன்று. அரங்கைவிட்டு வெளியே வந்ததும் கணவர், “ஒண்ணும் புரியலை. என்ன சொல்ல வர்றாங்க?” என்பார். மனைவி, “எனக்கும் புரியலைங்க. ஆனா கண்ணை எடுக்க முடியலை” என்பார். இவ்விரு கூற்றுகளும் ஒரே கருத்தின் இரு வடிவங்கள் அல்ல. ‘புரி’ என்னும் வினை, உணர்வோரை நான்காம் வேற்றுமையில் நிறுத்துவது. ‘எனக்குப் புரியவில்லை’ என்பவர் அத்தொடரில் எழுவாய் அல்லர். பொருள் வந்து சேர வேண்டிய இடம் மட்டுமே. வந்து சேராத குற்றம் அனுப்பியவரைச் சாரும். ‘சொல்ல வர்றாங்க’ என்னும் தொடர் அதனை மேலும் உறுதிப்படுத்துகிறது. மேடையில் நிகழ்ந்தது ஒரு சொல்லல் என்பதை அது முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. (அப்பன்மை ஆடுவோரைச் சுட்டுகிறதா, அமைத்தவரை மரியாதையுடன் சுட்டுகிறதா என்பதும் தெளிவில்லை.) மனைவியின் கூற்றிலோ ‘என்னால்’ என்னும் மூன்றாம் வேற்றுமை தொக்கு நிற்கிறது. அவர் தம்மால் செய்ய இயலாத ஒரு செயலைச் சொல்கிறார். திறனாய்வுக்குப் பயன்படும் செய்தி அவர் கூற்றில்தான் உள்ளது.

கணவரின் கேள்வி எல்லா ஆடலுக்கும் எழுவதன்று என்பது நோக்கத்தக்கது. இதே தம்பதியர் பரதநாட்டிய நிகழ்ச்சியில் அலாரிப்பையும் ஜதிஸ்வரத்தையும் பொருள் கேளாமலே பார்த்திருப்பர். அலாரிப்பின் சொற்கட்டுக்கு அகராதிப் பொருள் இல்லை. துருபத் ஆலாபனையின் அசைகளுக்கும் அவ்வாறே. ஆயினும் அலாரிப்பு ‘புரியவில்லை’ என எவரும் குறைகூறுவதில்லை. 19ஆம் நூற்றாண்டில் தஞ்சை நால்வர் வகுத்த நிரலில் அதற்கு ஓர் இடம் உண்டு. பின்னால் வர்ணம் வரும், பதம் வரும் என்னும் எதிர்பார்ப்பு பொருளின்மையைத் தாங்கிக்கொள்கிறது. ‘சரீரா’வில் அந்நிரல் இல்லை. ஆகவே குறைவது பொருள் அன்று, சூழல். ‘உடல்மொழி’ என்னும் பெயர்ப்புச் சொல்லைத் திறனாய்வாளர்கள் தாராளமாகக் கையாள்வதும் இம்மயக்கத்தை வளர்க்கிறது. எதிர்மறை கூற இயலாத ஒன்றை மொழி எனல் உருவகமாகவே ஏற்கத்தக்கது.

தலைப்பும் எளிதில் பெயர்க்கத் தக்கதாக இல்லை. ‘உடம்பு’ நோயோடும் நலத்தோடும் பிணைந்தது. ‘மேனி’ எழிலைக் குறித்து நிற்பது. ‘யாக்கை’ நிலையாமையை உடன் அழைத்து வருவது. ‘மெய்’ உண்மையையும் சேர்த்துச் சுட்டுவது. ‘உடல்’ இருப்பவற்றுள் நடுநிலையானது. ‘சரீரம்’ என்றே வைத்துக்கொண்டால், தமிழ் இசை விமரிசனத்தில் பாடுவோர் குரலைக் குறிக்கும் ‘சாரீரம்’ ஒரு நெட்டெழுத்துத் தொலைவில் நிற்கிறது. நீண்ட ஆலாபனைக்கு ஆடப்படும் படைப்புக்கு அந்த நெருக்கம் பொருந்தவே செய்கிறது. பெயர்க்காமல் விடுவதே தக்கது.

தலைப்பினும் பெரிய சிக்கல் வருணனையில் எழுகிறது. இப்படைப்பைப் பல ஆண்டுகள் ஆடியவர்கள் திஷானி தோஷியும் களரிப்பயிற்சி பெற்ற சாஜி ஜானும் ஆவர். பெண் நெடுநேரம் தனித்தே இயங்குகிறாள். அவள் கால்கள் மெல்ல மெல்ல அகன்று ஒரு முக்கோணமாகி நிற்பது இப்படைப்பின் மையக் காட்சி. ஆணின் வருகைக்குப் பின்னர் இவ்விறுக்கம் சற்றே தளர்ந்து, இருவரும் சிவம்–சக்தி என்னும் பழகிய படிமத்துக்கு அருகில் சென்றுவிடுவதாகத் தோன்றுகிறது, முற்பகுதியே வலியது. அகமரபைத் துணைக்கழைத்து அவளைத் தலைவி என்பதும் பொருந்தாது. தலைவி காத்திருப்பவள், தோழியிடம் உரைப்பவள். இவள் எவருக்கும் எதுவும் உரைப்பதில்லை. ஆண் வருமுன்பும் அவளிடம் குறையேதும் காணப்படவில்லை.

மேற்கண்ட வாக்கியத்தில் ‘அவள் கால்கள் அகன்று’ என எழுதப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். அகல், விரி என்பன செயப்படுபொருள் குன்றிய வினைகள். ‘கால்கள் விரிகின்றன’ என்றால் மலர் விரிவது போலத் தானே நிகழ்ந்தது என்றாகிறது. ‘கால்களை விரிக்கிறாள்’ என்றால் அவள் செய்கிறாள். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே வினைவடிவம் போதும். தமிழ் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். பின்னதைத் தேரவிடாமல் தடுப்பது பேச்சு வழக்கு. பெண்ணை எழுவாயாகக் கொண்ட அத்தொடரில் கடுமையான வசைப்பொருள் ஏறியிருக்கிறது. நிகழ்ச்சிக் குறிப்பையோ மதிப்புரையையோ தமிழாக்குபவர் நாகரிகம் கருதி ‘விரிகின்றன’ என்று எழுதிவிடுவார். அந்த ஓர் ஒற்றின் இழப்பில், தன் உடலைத் தானே இயக்கும் பெண் தொடரிலிருந்து நீக்கப்பட்டு, தானே மலரும் உடல் மட்டும் எஞ்சுகிறது. நாயிகா மரபிலிருந்து சந்திரலேகா 1985இன் ‘அங்கிகா’ தொடங்கி விலக்கிவந்த அந்த உடலையே மொழிபெயர்ப்பு மீண்டும் மேடையேற்றுகிறது.

வசையை அஞ்சி இலக்கணத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, துணைவினைகள் கைகொடுக்கின்றன. ‘விரித்துவிடுகிறாள்’ என்பது செயலை முடித்துவிடுகிறது. வசை வாழ்வதும் அம்முடிவில்தான். ‘அமர்ந்திருக்கிறாள். ஒரு காலை நகர்த்துகிறாள். விரித்துக்கொண்டே இருக்கிறாள்’ என்னும்போது செய்பவள் நீங்குவதில்லை, காலமும் நீள்கிறது. ‘கொண்டே இரு’ என்னும் அமைப்பின் நீட்சியில் வசைக்கு இடமின்றிப் போகிறது. தம்பதியருள் மனைவியார் கண்ணை எடுக்க முடியாமல் பார்த்திருந்ததும் அந்த நீட்சியைத்தான்.