கெத்தேல் சாகிப்பின் டப்பா

சிவராத்திரியை ஒட்டி திற்பரப்பு மகாதேவர் கோயிலுக்கு வந்துசேரும் சிவாலய ஓட்டக்காரர்களின் கையில் பனையோலை விசிறி இருக்கும். பன்னிரண்டு சிவாலயங்கள், நூறு கிலோமீட்டருக்கும் மேல். வழியில் யாராவது சுக்குவெள்ளமோ கஞ்சியோ கொடுத்துவிடுவார்கள். "எல்லாம் அவன் பாத்துக்கிடுவான்" என்று பெரியவர்கள் சொல்லும்போது எனக்கு எரிச்சல் வரும். ஒன்றும் இல்லாதவனிடம்தானே எப்போதும் இதைச் சொல்கிறார்கள்?

ஜெயமோகனின் 'அறம்' தொகுப்பிலுள்ள (2011) 'சோற்றுக்கணக்கு' கதையை மறுபடி வாசித்தபோது அந்த எரிச்சலுக்கு ஒரு பதில் கிடைத்தது. திருவனந்தபுரத்தில் சாப்பாட்டுக்கடை நடத்தும் கெத்தேல் சாகிப் காசு கேட்பதில்லை. டப்பாவில் போட்டாலும் சோறு உண்டு, போடாவிட்டாலும் உண்டு. பசித்தவனுக்கு இங்கே உபதேசம் கிடையாது. நம்பிக்கை வைப்பவர் கடைக்காரர். எனக்கு இந்தக் கதை முக்கியமாவது இதனால்தான்.

வேலை கிடைத்தபின் கதைசொல்லி, சீட்டு போட்டுச் சேர்த்த பணத்தை டப்பாவில் திணிக்கிறான். சாகிப்பின் முகத்தில் மாற்றமே இல்லை. அதே கை, அதே சோறு. இந்தக் கணக்கு தீராது என்று அவனுக்கு அங்கேதான் உறைக்கிறது.

ஒரு குறை சொல்லணும். சாகிப் நம் கைக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறார். கடை நொடித்துவிடுமோ என்று அவர் பயந்த ஓர் இரவைக்கூட நாம் பார்ப்பதில்லை. ஓட்டக்காரர்களுக்குச் சுக்குவெள்ளம் காய்ச்சும் வீட்டுக்காரிக்கு நாளைக்கு அரிசி இருக்குமா என்ற பயம் உண்டு. இருந்தும் அடுப்பு மூட்டுகிறாள். அவள் கதையையும் வாசிக்க ஆசை.